உண்டியலுக்கு முன்னால் ஒரு படிவம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

நானும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர்தான். பத்து வருடமாகப் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறுகிறேன், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் குடும்பம் விழுந்தபோது தாங்கிப் பிடித்தது சங்கம்தான். அந்த நன்றி மனதில் இருப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. நம்மவர் ஒருவருக்குப் பெரிய மருத்துவமனை பில் வந்து நிற்கும்போது, பணம் திரட்டும் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், அந்த மருத்துவமனையின் நிதியுதவிப் படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுக்க ஒரு ஆளை அனுப்புங்கள். படிவம் முதலில், உண்டியல் அப்புறம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் கதையையே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம் என் கணவருக்கு வேலை போனது. அவருக்கு இருந்தது ஹெச்1பி என்ற வேலை விசா. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அந்த அறுபது நாள்தான் எங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியோடு இன்சூரன்ஸும் நின்றது. பழைய இன்சூரன்ஸை நம் சொந்தக் காசில் தொடரலாம் என்று கோப்ரா கடிதம் ஒன்று வந்தது. மாதத் தொகையைப் பார்த்ததும் மூடி மேசை டிராயருக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் சம்பளமே வராத நேரத்தில் அந்தத் தொகைக்கு எங்கே போவது?

இன்சூரன்ஸ் நின்ற பதினெட்டாம் நாள் ராத்திரி அவருக்கு வயிற்று வலி. குடல்வால் வெடித்து, உள்ளே சீழ் கட்டி, ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் பிழைத்தார், அதற்கு அந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இன்றும் நன்றி சொல்கிறேன். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் பில் வந்தது. அறுபத்தோராயிரம் டாலருக்கு மேல்.

விஷயம் எப்படியோ குழுவில் பரவியது. இரண்டே நாளில் எண்பத்து மூன்று பேர் பணம் போட்டார்கள். பதினோராயிரத்து நானூறு டாலர் சேர்ந்தது. வேலை இழந்த இன்னொரு தம்பிகூட இருபது டாலர் போட்டிருந்தார். அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்து நான் அழுதேன். எங்கள் சேமிப்பிலிருந்து ஒன்பதாயிரம் போட்டு, மொத்தமாக மருத்துவமனைக்குக் கட்டினோம். மீதிக்கு மாதத் தவணை பேசிக்கொண்டோம். பெரிய சுமையில் ஒரு பங்காவது இறங்கியதே என்று நினைத்தோம்.

அக்டோபர் மாதம், என் மகளின் பள்ளித் தோழியின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வேறொரு மருத்துவமனையில் சமூகப் பணியாளர். நான் தவணை என்றதும் அவர் கேட்டார்: "சாரிட்டி கேருக்கு விண்ணப்பித்தீர்களா?" மருத்துவமனை தன் பில்லைத் தானே தள்ளுபடி செய்யும் நிதியுதவிக்கு அதுதான் பெயராம். நான் அந்த வார்த்தையை அதுவரை கேட்டதே இல்லை. பில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருந்தது. பொடி எழுத்தில், நிதியுதவி கிடைக்கும் என்று இரண்டு வரி. ஐந்து மாதத்துக்கும் மேலாக அந்தக் காகிதம் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

படிவம் நான்கு பக்கம். சிகிச்சை நடந்த நேரத்து வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர், வங்கிக் கணக்கு விவரம், வரிக் கணக்கின் நகல், வேலை போன கடிதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்தேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. மருத்துவமனையின் பில் முழுக்கத் தள்ளுபடி. நாங்கள் ஏற்கெனவே கட்டிய இருபதாயிரத்து நானூறு டாலரும் ஜனவரியில் காசோலையாகத் திரும்பி வந்தது.

அந்தக் காசோலையைப் பார்த்தபோது சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வருத்தம். அந்தத் தம்பியின் இருபது டாலர் மருத்துவமனைக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. எங்களில் ஒருவருக்காவது அந்தப் படிவத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும்.

எங்களுக்கு நடந்தது அதிர்ஷ்டம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இது சட்டம். அமெரிக்காவில் பொதுமக்கள் போய்ச் சேரும் சாதாரண மருத்துவமனைகளில் பாதிக்கும் மேல் லாப நோக்கற்றவை. அவை கூட்டாட்சி வருமான வரி கட்டுவதில்லை. பெரும்பாலும் சொத்து வரியும் கிடையாது. அந்தச் சலுகைக்கு ஈடாக அவை என்ன செய்ய வேண்டும் என்று 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வரிச் சட்டத்தில் 501(ஆர்) என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி லாப நோக்கற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் ஒரு நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். யாருக்குத் தள்ளுபடி, எவ்வளவு, எப்படி விண்ணப்பிப்பது என்பதை இணையதளத்தில் போட வேண்டும், கேட்டால் தாளிலும் இலவசமாகத் தர வேண்டும். கொள்கையிலோ படிவத்திலோ சொல்லாத ஆவணத்தைக் கொடுக்கவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. தகுதி பெற்றவரிடம், அவசர சிகிச்சைக்கும் மற்ற அவசியமான சிகிச்சைக்கும், இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பில் ஆகும் தொகைக்கு மேல் வாங்கவும் கூடாது.

நாள் கணக்கை மட்டும் தயவுசெய்து மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பம் கொடுக்கலாம், மருத்துவமனை அதை வாங்கிப் பரிசீலித்தே ஆக வேண்டும். முதல் 120 நாளுக்குள் வழக்குப் போடுவது, சம்பளத்தைப் பிடிப்பது, கிரெடிட் அறிக்கையில் ஏற்றுவது போன்ற கடுமையான வசூல் வேலைகளைத் தொடங்கக் கூடாது. அதற்குப் பிறகு தொடங்கியிருந்தாலும், 240 நாளுக்குள் விண்ணப்பம் போய்விட்டால் நிறுத்தி வைக்க வேண்டும். தகுதி உண்டு என்று முடிவானால், அதிகமாகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எங்களுக்குக் காசோலை வந்தது இந்த விதியால்தான். நாங்கள் விண்ணப்பித்தபோது 240இல் ஏறக்குறைய 160 நாள் ஓடிவிட்டிருந்தது. அந்தப் பேச்சு அக்டோபரில் நடக்காமல் பிப்ரவரியில் நடந்திருந்தால் கதை வேறு.

"இதெல்லாம் பரம ஏழைகளுக்கு, நமக்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று உடனே யாராவது சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். எவ்வளவு வருமானம் வரை தள்ளுபடி என்பதைக் கூட்டாட்சிச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, அதை மருத்துவமனையே தன் கொள்கையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் ஒன்று தாராளமாக இருக்கும், அடுத்த தெருவில் இருப்பது கஞ்சத்தனமாக இருக்கும். ஆனால் சில மாநிலங்கள் தாமே கோடு போட்டிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலை முதல், பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் வறுமைக்கோட்டு வருமானத்தின் மூன்று மடங்கு வரை உள்ள குடும்பத்துக்கு முழுத் தள்ளுபடி தர வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 32,150 டாலர். மூன்று மடங்கு என்றால் 96,450 டாலர். திரும்பவும் படியுங்கள்: தொண்ணூற்றாறாயிரம் டாலர் சம்பாதிக்கும் நான்கு பேர் குடும்பம். ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் எத்தனை தமிழ் வீடுகள் இந்தக் கணக்குக்குள் வரும் என்று உங்கள் உறுப்பினர் பட்டியலை வைத்து யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் நான்கு மடங்கு வரை உள்ளவர்களுக்கு இலவசமோ தள்ளுபடியோ உண்டு. இன்சூரன்ஸ் இருந்தும் மருத்துவச் செலவு வருமானத்தை விழுங்கிவிட்டவர்களும் அதில் அடக்கம். நியூ ஜெர்சியில் இரண்டு மடங்கு வரை முழுத் தள்ளுபடி, மூன்று மடங்கு வரை ஒரு பகுதி. ஆனால் அங்கே சேமிப்புக்கும் வரம்பு உண்டு, தனி நபருக்கு 7,500 டாலர், குடும்பத்துக்கு 15,000.

இந்தச் சேமிப்பு வரம்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் அன்போடு திரட்டி ஒருவரின் வங்கிக் கணக்கில் போடும் பணம், சொத்தைக் கணக்கில் எடுக்கும் மருத்துவமனையில் அவருடைய விண்ணப்பத்துக்கே தடையாக நிற்கலாம். படிவம் முதலில் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வந்து போகும் பெற்றோர்கள். நம் சமூகத்தில் பெரிய அடி இங்கேதான் விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆறு மாதம் பேரப் பிள்ளையோடு இருக்க வந்த அம்மாவுக்கு மாரடைப்பு வரும். விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள். பழைய நோய் என்று கம்பெனி கையை விரிக்கும். அல்லது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எழுதியிருக்கும் மலிவான பாலிசியாக இருக்கும், ஐசியு செலவில் அது ஒரு மூலைக்கும் வராது. பழைய நோய் திடீரென முற்றினால் மட்டும் ஓரளவு தருகிற பாலிசிகள் உண்டு, அந்தப் பிரிவின் பேரில் மேல்முறையீடு செய்துதான் பார்க்க வேண்டும். நிதியுதவியைப் பொறுத்தவரை, சில மருத்துவமனைகள் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். சில, அவசர சிகிச்சைக்கு வந்த யாருக்கும் தரும். நியூ ஜெர்சியில் மாநிலத்தில் குடியிருக்காதவரும் உயிருக்கு அவசரமான சிகிச்சை என்றால் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆகவே கொள்கையைப் படிக்காமல் "விசிட்டருக்குக் கிடையாது" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கவுண்டரில் இருப்பவரே அப்படிச் சொன்னாலும், எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு, அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டு, மகனிடம் ஒரு டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் பணம் கட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன் என்ற வரி இருக்கலாம். படித்துவிட்டுப் போடுங்கள். உண்மையான அவசரத்தோடு வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்தாமல் பணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதனால் ஒரு நிமிடம் நின்று படித்தால் அப்பாவின் சிகிச்சை நின்றுவிடாது. அந்த நேரத்தில் பதறும் பிள்ளைக்கு இதெல்லாம் நினைவுக்கு வராது. போனில் சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்.

அந்த அண்ணனையும் அக்காவையும்தான் சங்கம் ஏற்படுத்த வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு சங்கத்துக்கு மூன்று நான்கு பேர் போதும். டாக்டராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டியதில்லை. வரிப் படிவம் நிரப்பத் தெரிந்தவர், போனில் நாற்பது நிமிடம் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவர், கேட்ட விஷயத்தை வெளியே சொல்லாதவர். முதல் வேலையாக, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளின் நிதியுதவிக் கொள்கைகளை இறக்கிப் படித்து, தமிழில் அரைப் பக்கம் எழுதிச் சங்கத்தின் இணையதளத்தில் போடட்டும். யாருக்காவது பில் வந்தால், ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விவரமான பில்லைக் கேட்டு வாங்க உதவட்டும். போடாத ஊசிக்கும் இரண்டு முறை எழுதிய பரிசோதனைக்கும் காசு கேட்டிருப்பது அதில்தான் தெரியும். எங்கள் பில்லில் அவர் வீட்டுக்கு வந்த மறுநாளைக்கும் அறை வாடகை போட்டிருந்தார்கள்.

கொள்கையோடு, அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் எந்த டாக்டர் குழுக்கள் இந்தத் தள்ளுபடிக்குள் வருகின்றன, எவை வராது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். நாங்கள் அடிபட்டது அங்கே. மயக்க மருந்து டாக்டரின் பில் தனியாக வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தது. அது தள்ளுபடிக்குள் வரவில்லை. மருத்துவமனை தந்த தள்ளுபடிக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பி, எங்கள் நிலைமையை ஒரு பக்கம் எழுதினேன். பாதியாகக் குறைத்தார்கள். சரி, அதுவாவது கிடைத்ததே என்று கட்டிவிட்டோம்.

இன்சூரன்ஸ் இருப்பவர்களுக்கும் இந்தக் குழு வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகைக்கே பல மருத்துவமனைகளில் நிதியுதவி கேட்கலாம். வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ் மறுத்தால், மறுப்புக் கடிதம் வந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேலை போனவர்களுக்கு மட்டும் ஒரு விஷயத்தை நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். கோப்ராவில் சேர அறுபது நாள் அவகாசம் உண்டு, சேர்ந்துவிட்டால் அது இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே செல்லும். அதாவது முதலில் பணம் கட்டாமல் இருந்து, அந்த அறுபது நாளுக்குள் பெரிய நோய் வந்தால் அப்போது சேர்ந்து, விட்ட மாதங்களுக்கான தொகையைக் கட்டினால் பழைய சிகிச்சையும் அதற்குள் வரும். எனக்கு இது தெரிய வந்தபோது அவகாசம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. விசாவின் அறுபது நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன், மேசை டிராயரில் கிடந்த இன்னொரு அறுபது நாளை எண்ணவில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். கூட்டாட்சி நிதி வாங்கும் மருத்துவமனைகள் ஆங்கிலம் வராத நோயாளிக்கு இலவசமாக உரைபெயர்ப்பாளரைத் தர வேண்டும். தமிழ் என்று சொன்னால் பெரும்பாலும் போனில் ஏற்பாடு செய்வார்கள். நிதியுதவிப் படிவத்தையும், அந்த வட்டாரத்தில் ஆங்கிலம் சரியாக வராத ஒரு மொழிக்காரர்கள் ஆயிரம் பேரோ, மக்கள்தொகையில் ஐந்து சதவீதமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு இருந்தால், அவர்கள் மொழியில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் உள்ள பெரிய சங்கங்கள் இதை மருத்துவமனைகளிடம் எழுதிக் கேட்கலாமே. தனி ஆள் கேட்டால் அலைய விடுவார்கள். ஆயிரம் குடும்பம் உள்ள சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் எழுதுவார்கள்.

மானப் பிரச்சினை ஒன்று உண்டு, அதைப் பேசாமல் முடிக்க முடியாது. படிவம் பற்றிச் சொன்னதும் என் கணவர் முதலில் வேண்டாம் என்றார். "வேலை கிடைத்தாச்சு, இனி போய்க் கை நீட்டுவதா?" என்றார். நான் அவரிடம் கேட்டேன்: எண்பத்து மூன்று பேருக்கு நம் வீட்டுக் கஷ்டம் தெரிந்தபோது பொறுத்துக்கொண்டோமே, யாருக்கும் தெரியாமல் ஒரு உறையில் போகும் காகிதத்துக்கு ஏன் கூசுகிறீர்கள்? கடையில் எதிரே பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவர் கடன்பட்டவராகத் தலை குனிந்து நடந்த அந்த ஆறு மாதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். படிவம் அப்படி யார் முன்னாலும் குனிய வைக்காது. விசா வைத்திருப்பவர்களுக்கு, இதனால் பச்சை அட்டைக்குப் பாதகம் வருமா என்ற பயமும் உண்டு. மருத்துவமனை தன் பில்லைத் தானே குறைப்பது அரசு கையில் கொடுக்கும் உதவித்தொகை ஆகாது. மனம் ஒப்பவில்லை என்றால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சங்கத்திலேயே அப்படி ஒருவர் இருப்பார். கேட்காமல் பயத்திலேயே பில்லைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லா விண்ணப்பமும் ஜெயிக்காது. லாப நோக்கோடு நடக்கும் மருத்துவமனைகளை 501(ஆர்) கட்டாது. அங்கே மாநிலச் சட்டம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் அவர்கள் மனசு. வருமானம் கோட்டைத் தாண்டியவர்களுக்கு ரொக்கத் தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் பேசிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் மீதி நின்றால் அப்போது உண்டியலைத் தூக்குங்கள், முதல் ஆளாக நான் போடுகிறேன். ஆனால் அப்போது திரட்ட வேண்டிய தொகை அறுபதாயிரமாக இருக்காது. இறந்தவரை ஊருக்கு அனுப்பும் செலவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், வீட்டு வாடகைக்கும் படிவம் கிடையாது. நம் மக்களின் பணம் அங்கே போகட்டும்.

படிவம் நிரப்பத் தனியாக ஆள் கிடைக்காத சிறு சங்கங்கள், டாலர் ஃபார் என்ற தொண்டு நிறுவனத்தை நாடலாம். நோயாளிகளிடம் காசு வாங்காமல் இந்த விண்ணப்பங்களுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையிடம் ஒரு வேண்டுகோள்: ஜூலை நான்காம் தேதியை ஒட்டி நடக்கும் தமிழ் விழாவில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எத்தனையோ ஊர்க்காரர்கள் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் அது. ஒரு மணி நேரத்தில் நாள் கணக்கையும் படிவத்தையும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

எங்களுக்குத் திரும்பி வந்த பணத்தில் நண்பர்கள் தந்த பங்கைத் திருப்பிக் கொடுத்தோம். அறுபத்தொரு பேர் வாங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த இருபது டாலர் தம்பியும் வேண்டாம் என்றவர்களில் ஒருவர். அவர்களுடைய பங்கு இரண்டாயிரத்துச் சொச்சம் தனிக் கணக்கில் அப்படியே இருக்கிறது. என் சங்கம் இந்தக் குழுவைத் தொடங்கினால், போன், நகல், தபால் செலவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் கேட்டு ஒப்புதலும் வாங்கிவிட்டேன். முதல் கூட்டத்துக்கு எங்கள் பழைய பில், நான்கு பக்கப் படிவம், மருத்துவமனையின் பதில் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி